நெபுலாவும் அதை ஒளிர்விக்கும் விண்மீனும்: மதுரை வட்டாரத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தொலைநோக்கி வாங்கிய முதல் மாதத்திலேயே நெபுலாக்களை, அதாவது விண்வெளியிலுள்ள வாயு, தூசி மேகங்களை, தேடத் தொடங்குபவர்கள் அதிகம். இதழ்களிலும் கைபேசியிலும் கண்ட சிவப்பும் நீலமும் கலந்த படங்களை மனத்தில் வைத்துக்கொண்டு கண்ணைப் பொருத்துபவர்களுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு மங்கிய திட்டு மட்டுமே தெரிகிறது. கருவி மட்டமானது என்றோ தம் பார்வை குறைந்துவிட்டது என்றோ முடிவுகட்டி, சிலர் அதைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். குறை இரண்டிலும் இல்லை. மங்கலான ஒளியில் வேலை செய்யும் விழித்திரைக் கோல் செல்கள் நிறம் பிரித்தறியாதவை. நெபுலாவிலுள்ள ஹைட்ரஜன் உமிழும் 656 நானோமீட்டர் சிவப்பு அவற்றுக்கு ஏறக்குறைய இருட்டேதான்.

எனவே நிறத்தை எதிர்பார்ப்பதை விட்டுவிட்டு, எந்த நெபுலாவைப் பார்த்தாலும் ஒரே கேள்வியோடு தொடங்குவது நல்லது: இதை ஒளிரச் செய்வது எந்த விண்மீன்? இக்கேள்விக்கு அறிவியல் அடிப்படை உண்டு. நெபுலாவின் ஒளிக்கும் அதன் அருகிலுள்ள விண்மீனின் வகைக்கும் தொடர்பு இருப்பதை வானியலாளர் எட்வின் ஹபிள் 1922இல் எடுத்துக்காட்டினார். விண்மீன் மிகுந்த வெப்பமுடையதாக இருந்தால் அதன் புற ஊதாக் கதிர்கள் சுற்றியுள்ள வாயுவை அயனியாக்கி, வாயு தானே ஒளியை உமிழும்படி செய்கின்றன. அவ்வளவு வெப்பமில்லாத விண்மீனாக இருந்தால் அருகிலுள்ள தூசி அதன் ஒளியை வெறுமனே சிதறடிக்கிறது. விண்மீனை அடையாளம் கண்டுவிட்டால், பார்ப்பது எவ்வகை நெபுலா, எந்த வடிகட்டி பயன்படும், எவ்வளவு உருப்பெருக்கம் வேண்டும் என்பவையெல்லாம் அதிலிருந்தே தெளிவாகிவிடும்.

இடம் தேர்ந்தெடுத்தல்

மதுரை வட அகலாங்கு 10 பாகைக்குச் சற்றுக் குறைவாக அமைந்திருப்பது நமக்குக் கிடைத்த பெரும் வசதி. வடதுருவ விண்மீன் வடக்கே 10 பாகை உயரத்தில் தாழ்ந்து கிடக்க, தென்வானம் நமக்குத் தாராளமாகத் திறந்திருக்கிறது. தில்லியில் தொடுவானத்தோடு ஒட்டிக்கொண்டு நின்று மறையும் கரைனா நெபுலா இங்கே 20 பாகை உயரத்துக்கு எழும்புகிறது.

ஆனால் இவ்வசதியைப் பலர் இடத்தேர்விலேயே இழந்துவிடுகிறார்கள். இருட்டு என்றதும் அழகர்கோவில், நத்தம் பக்கம் வண்டியைத் திருப்புவது நம்மூர் வழக்கம். அந்தப் பக்கம் இருட்டு இருப்பது உண்மைதான். ஆயினும் அங்கே நின்று தெற்கே நோக்கினால் மதுரை மாநகரின் மொத்த விளக்கொளியும் பார்வைக்கு நேரே எழுந்து நிற்கும். வடக்கே உயரும் வளைய நெபுலா போன்றவற்றுக்கும், தலைக்கு மேலே வருவனவற்றுக்கும் அழகர்கோவில் பக்கம் போதுமானது. தனுசு, கரைனா ஆகிய தென்வானப் பகுதிகளுக்கு நகரத்தை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, திருமங்கலம் தாண்டி டி. கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கம் செல்வதே சரி. அங்கிருந்தும் விருதுநகர், சிவகாசி விளக்கொளி தென்கிழக்கிலும் தெற்கிலும் தெரியும். ஆனால் அது தொடுவானத்தை ஒட்டியே நிற்பதால் பெரிதாகக் கெடுப்பதில்லை. கொடைக்கானல் மலையிலுள்ள ஆய்வகத்தை நினைத்துக்கொண்டு அங்கே போக விரும்புபவர்கள், 1899இல் நிறுவப்பட்ட அந்த ஆய்வகம் முதன்மையாகச் சூரியனை ஆராய்வதற்கானது என்பதையும், மலையில் இரவு மூடுபனி எந்நேரமும் சூழக்கூடும் என்பதையும் கருத்தில் கொள்ளவேண்டும்.

காப்புக்காடுகளுக்குள் இரவில் அனுமதியின்றி நுழையக்கூடாது. தெரிந்தவரின் தோட்டமோ, களத்துமேடோ கிடைத்தால் அதைவிட நல்ல இடம் வேறில்லை. ஊர்க்காரர் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டால், நள்ளிரவில் நீண்ட குழாயுடன் நிற்பவர் யாரென்ற ஐயமும் எழாது. பகலிலேயே சென்று இடத்தைப் பார்த்து, புதரும் கல்குவியலும் இல்லாத தரையைத் தேர்ந்துகொண்டு, பாம்புகளை எண்ணி மூடிய காலணியோடு செல்லவேண்டும். அறுவடை முடிந்த நாள்களில் கரும்புச் சோகை கொளுத்தும் புகை சில வேளை வானத்தையே மறைத்துவிடும் என்பதால் காற்றின் திசையையும் விசாரித்துக்கொள்வது நல்லது.

நாளும் நேரமும்

வீட்டிலுள்ள நாட்காட்டியே இதற்குப் போதும். முன்னிரவில் பார்ப்பவர்களுக்குத் தேய்பிறை சப்தமி முதல் வளர்பிறை திருதியை வரையிலான நாள்கள் ஏற்றவை. விடியலுக்கு முன் எழுந்து பார்ப்பவர்களுக்கு வளர்பிறை தசமி வரைகூட நிலவால் இடையூறு இராது. சித்திரைத் திருவிழாவின்போது வைகைக் கரையெங்கும் விளக்கொளியாக இருக்கிறதே என்று வருந்தவேண்டியதில்லை. அழகர் ஆற்றில் இறங்குவது முழுநிலவை ஒட்டி என்பதால் அவ்வாரம் எப்படியும் நெபுலாவுக்கு உரியதன்று.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களை வடகிழக்குப் பருவமழை எடுத்துக்கொள்ளும். தை பிற்பகுதி முதல் பங்குனி வரை வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். ஆனால் தை மாதத்துப் பனி வில்லையின் மீது படிந்து எல்லா விண்மீனையும் நெபுலாவாக்கிவிடும் என்பதால், முகப்பில் கருப்பு அட்டையைச் சுருட்டிக் கட்டி ஒரு முழ நீளத்துக்குப் பனித்தடுப்பு அமைத்துக்கொள்ளவேண்டும்.

கருவியும் கண்ணும்

10x50 (10 மடங்கு உருப்பெருக்கம், 50 மில்லிமீட்டர் முகப்பு வில்லை) இருகண் நோக்கி ஒன்றும், இயன்றால் 6 அல்லது 8 அங்குல டாப்சோனியன் (எளிய தாங்கியில் அமைந்த, ஆடி கொண்ட) தொலைநோக்கி ஒன்றும் இக்கட்டுரையில் கூறப்படும் அனைத்துக்கும் போதும். உருப்பெருக்கத்தைக் கணக்கிட, தொலைநோக்கியின் குவியத் தொலைவைக் கண்ணருகு வில்லையின் குவியத் தொலைவால் வகுக்கவேண்டும்: 1200 மில்லிமீட்டர் குவியத் தொலைவுள்ள கருவியில் 25 மில்லிமீட்டர் வில்லை 48 மடங்கும், 10 மில்லிமீட்டர் வில்லை 120 மடங்கும் தரும். நெபுலாவைக் கண்டுபிடிக்க முன்னது. அதனுள்ளிருக்கும் விண்மீன்களைப் பிரித்துப் பார்க்கப் பின்னது.

இருளுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒருமுறை கைபேசித் திரையைப் பார்த்தாலும் அவ்வளவும் வீணாகி மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டிவரும். வரைபடம் பார்க்கக் கைவிளக்கின் மீது சிவப்பு வண்ணத்தாளை இரண்டு மூன்று மடிப்பாகக் கட்டிக்கொள்ளலாம். மங்கிய பொருளை நேராக உற்றுநோக்காமல், அதற்குச் சற்றுத் தள்ளி ஓரிடத்தில் பார்வையை நிறுத்தி, கவனத்தை மட்டும் பொருளின் மீது வைக்கவேண்டும். கோல் செல்கள் விழித்திரையின் மையத்தில் இல்லாமல் அதைச் சுற்றியே செறிந்திருப்பதால், ஓரப்பார்வையில் நெபுலா சட்டென்று விரிந்து தெரியும். இது ஒரே இரவில் கைவருவதன்று.

வாயு நெபுலாக்களுக்கென விற்கப்படும் ஓ-III, யுஎச்சி வடிகட்டிகள் ஆக்சிஜன் உமிழும் 496, 501 நானோமீட்டர் அலைநீள ஒளியை உள்ளே விட்டு, மற்ற ஒளியைப் பெருமளவு தடுக்கின்றன. இதனால் நெபுலா எடுப்பாகத் தெரியும், விண்மீன்களோ மங்கும். வடிகட்டியோடு ஒருமுறை, அதைக் கழற்றிவிட்டு ஒருமுறை என இரண்டு முறை பார்ப்பதே முறை. வடிகட்டி போட்டும் நெபுலா சிறிதும் மேம்படவில்லை எனில், தூசியில் சிதறிய விண்மீன் ஒளியாக அது இருக்கலாம் என்பதற்கு அதுவே ஒரு குறிப்பு.

முதல் பாடம்: ஓரியன் நெபுலா

திருவாதிரை விண்மீன் ஓரியன் தொகுதியின் ஒரு தோள். அதற்குக் கீழே இடைக்கச்சையாக மூன்று விண்மீன்கள் வரிசையில் நிற்கும். கச்சையிலிருந்து தெற்கே தொங்கும் வாளின் நடுவிலுள்ள ‘விண்மீன்’ மட்டும் புகைபடிந்தது போலத் தெரியும். அதுவே ஓரியன் நெபுலா; மெசியர் பட்டியலில் அதன் எண்ணைக் கொண்டு எம் 42 என்பார்கள். பிப்ரவரி முதல் வாரத்தில் இரவு 9 மணியளவில் அது தெற்கே 75 பாகை உயரத்தில், ஏறக்குறைய நம் தலைக்கு மேலேயே நிற்கிறது. தொலைவு சுமார் 1,340 ஒளியாண்டு.

48 மடங்கில் முதலில் கண்ணில் படுவது நெபுலாவின் மிகப் பிரகாசமான நடுப்பகுதியும், அதிலிருந்து இருபுறமும் வளைந்து விரியும் சிறகுகளும். 6 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள கருவிகளில் நடுப்பகுதி லேசான பச்சை சாயல் காட்டுவதுண்டு. கண்ணுக்கு ஏற்ற அலைநீளத்தில் ஆக்சிஜன் உமிழும் ஒளியே அதற்குக் காரணம். 1864இல் வானியலாளர் வில்லியம் ஹக்கின்ஸ் வேறொரு நெபுலாவின் நிறமாலையில் (ஒளியை நிறங்களாகப் பிரித்த பட்டையில்) முதன்முதலாகக் கண்ட இந்தப் பச்சைக் கோடுகள் பூமியில் அறியப்படாத ஒரு தனிமத்துக்கு உரியவை என்று பல்லாண்டுகள் கருதப்பட்டன. மிக அடர்த்தி குறைந்த நிலையிலுள்ள ஆக்சிஜனே அவற்றை உமிழ்கிறது என்பதை 1927இல் இயற்பியலாளர் ஐரா போவன் விளக்கினார்.

இனி 120 மடங்குக்கு மாறவேண்டும். நடுவில் நான்கு விண்மீன்கள் ஒரு சரிவகமாக நெருங்கி நிற்கும்; டிரபீசியம் என்பது இதற்குப் பெயர். மேற்கிலிருந்து கிழக்காக ஏ, பி, சி, டி என்று எழுத்திட்டு அழைப்பார்கள். டாப்சோனியனில் படம் தலைகீழாகத் தெரியும் என்பதால் திசையை ஊகிக்கக்கூடாது. கருவியை அசைக்காமல் விட்டால் விண்மீன்கள் நகர்ந்து வெளியேறும் பக்கமே மேற்கு. நான்கிலும் பிரகாசமானது சி. சூரியனைப்போல் முப்பது மடங்குக்கு மேல் நிறையும், ஏறக்குறைய 40,000 கெல்வின் மேற்பரப்பு வெப்பமும் கொண்ட இந்த ஒற்றை விண்மீனே எம் 42இன் ஒளிக்குப் பெரும்பங்கு பொறுப்பு. பெரிய நெபுலாவின் பரப்பைப் பார்த்து வியந்துவிட்டு, அதற்கு விளக்கேற்றிய புள்ளியைப் பாராமல் கருவியைத் திருப்பிவிடுபவர்கள் பாதியைத்தான் பார்த்தவர்கள் என்பது என் கருத்து.

ஏ, டி இரண்டும் ஏறக்குறைய ஒரே பிரகாசமுடையவை. ஆனால் ஏ ஓர் இரட்டை விண்மீன், 65.4 நாள்களுக்கு ஒருமுறை அதன் துணை முன்னே வந்து மறைப்பதால் சுமார் ஒரு பிரகாச எண் அளவுக்கு (ஏறக்குறைய இரண்டரை மடங்கு) மங்குகிறது. இது 1975இல்தான் கண்டறியப்பட்டது. பி விண்மீனும் 6.47 நாள்களுக்கு ஒருமுறை இவ்வாறே மங்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் நான்கையும் பிரகாச வரிசையில் குறிப்பேட்டில் எழுதிவைத்தால், ஒரு பருவத்துக்குள் ஏதேனும் ஓர் இரவில் வரிசை மாறியிருப்பதைக் காண வாய்ப்புண்டு. ஏ விண்மீன் டியைவிடத் தெளிவாக மங்கியிருந்தால், அந்தச் சமயத்தில் அங்கே மறைப்பு நடக்கிறது. நெபுலாவை ‘பார்த்தாயிற்று’ என்று கணக்கை முடித்துவிடாமல் மீண்டும் மீண்டும் போக இது ஒன்றே போதிய காரணம். காற்று அமைதியாக இருக்கும் இரவில் 8 அங்குலக் கருவியும் 150 மடங்கும் இருந்தால் ஏ, சி ஆகியவற்றின் அருகே முறையே ஈ, எஃப் என்ற இரு மங்கிய விண்மீன்களையும் முயன்று பார்க்கலாம்.

டிரபீசியத்துக்கு இருண்ட வானம் தேவையில்லை. அண்ணாநகர் மொட்டை மாடியிலிருந்தும் தெரியும். நெபுலாவின் சிறகுகளுக்குத்தான் ஊர் தாண்டவேண்டும். மேலும், தானே படமெடுத்துத் தரும் புதுவகைத் தொலைநோக்கிகளில் இந்த நடுப்பகுதி பெரும்பாலும் வெளுத்துப்போய் நான்கு விண்மீன்களும் ஒளிக்குள் கரைந்துவிடுகின்றன. கண் மட்டுமே மங்கிய சிறகையும் கூரிய புள்ளியையும் ஒருசேரக் காணவல்லது. நிறம் தெரியவில்லையே என்று வருந்துபவர்களுக்கு இதையே ஈடாகச் சொல்வேன்.

எம் 42க்கு வடக்கே, இருண்ட தூசிப் பட்டை ஒன்றால் பிரிக்கப்பட்டதுபோல் நிற்கும் சிறு வட்டத் திட்டு எம் 43. அதன் நடுவில் ஒரே ஒரு விண்மீன். அதற்குத் தனி விளக்கு. கச்சையின் கிழக்கு முனை விண்மீனுக்குச் சற்றுத் தெற்கேயுள்ள சிக்மா ஓரியானிஸ் என்ற விண்மீனையும் அன்றைக்கே பார்த்துவிடலாம். சிறிய கருவியிலும் மூன்று நான்கு விண்மீன்களாகப் பிரிந்து அழகாகத் தெரியும். புகழ்பெற்ற குதிரைத்தலை நெபுலாவுக்குப் பின்னாலுள்ள ஒளித்திரையை ஒளிர்விப்பது இந்தச் சிக்மாதான். அருகில் பளிச்சென்று நிற்கும் கச்சை விண்மீனன்று. மிக அருகே தெரிவதே காரணம் என்று கொள்ளக்கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. குதிரைத்தலையைத் தேடிப் புதியவர்கள் இரவை வீணாக்கவேண்டாம். பெரிய கருவியுடையவர்களுக்கே அது அரிது.

கார்த்திகையின் தூசி

கார்த்திகை விண்மீன்கள் நெபுலாவில் பிறந்து இன்னும் அதற்குள் இருப்பவை என்று பலர் நினைக்கிறார்கள். அக்கூட்டம் இப்போது கடந்துசெல்லும் தூசி மேகம் அதன் பிறப்போடு தொடர்பில்லாதது. அங்குள்ள விண்மீன்களின் வெப்பம் வாயுவை ஒளிரவைக்கப் போதாது. எனவே தூசி அவற்றின் நீல ஒளியைச் சிதறடிக்க மட்டுமே செய்கிறது. நெபுலாவின் நிறமாலை விண்மீனின் நிறமாலையைப்போலவே இருப்பதை 1912இல் வானியலாளர் வெஸ்டோ ஸ்லைஃபர் கண்டு இதை நிறுவினார். இங்கே ஓ-III வடிகட்டி உதவாது.

மெரோப்பி என்ற விண்மீனின் தெற்கே நெபுலா மிகுதியாக உள்ளது. அங்கே மங்கிய படலம் தெரிந்தால் உடனே மகிழ்ந்துவிடாமல், கருவியை ரோகிணியைச் சுற்றியுள்ள விண்மீன் கூட்டத்துக்குத் திருப்பவேண்டும். அக்கூட்டத்தில் நெபுலா கிடையாது. அங்கேயும் ஒவ்வொரு விண்மீனைச் சுற்றியும் அதே படலம் தெரிந்தால், முன்பு கண்டது பனி படிந்த கண்ணாடியைத்தான்.

விண்மீன் உதிர்த்தவை

பிறப்பின் எச்சமல்லாத நெபுலாக்களும் உண்டு. மிதுனத்திலுள்ள என்ஜிசி 2392 (என்ஜிசி என்பது ஒரு வானியல் பட்டியல்) முதிர்ந்த விண்மீன் ஒன்று தன் வெளியடுக்குகளை உதிர்த்ததால் உருவானது. மாசி மாத முன்னிரவில் வடக்கே ஏறக்குறைய 79 பாகை உயரத்தில் வரும். நேராகப் பார்த்தால் நடுவிலுள்ள விண்மீன் மட்டும் தெரியும். ஓரப்பார்வைக்கு மாறினால் அதைச் சுற்றிய வட்ட ஒளி எழும்பி விண்மீனை விழுங்கும். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து பார்ப்பதே கண்ணுக்கு நல்ல பயிற்சி. புகழ்பெற்ற எம் 57 வளைய நெபுலா எளிதில் கிடைத்தாலும், அதன் நடு விண்மீன் 8 அங்குலக் கருவிக்கு எட்டாது. 1054இல் சீனர்கள் பதிவுசெய்த வெடிப்பின் எச்சமான நண்டு நெபுலா, ரிஷபத்தின் கொம்பு முனையருகே வெறும் நீள்வட்டத் திட்டாகத் தெரியும். நொடிக்கு 30 முறை சுழன்று அதற்கு ஆற்றல் தரும் துடிப்பு விண்மீனை நாம் அறிந்துகொள்ளத்தான் முடியும்.

தென்வானம்

தனுசுத் தொகுதியின் முதன்மை விண்மீன்கள் கெண்டி வடிவில் நிற்பவை. அதன் மூடி உச்சியாக அமைந்த விண்மீனுக்கு ஐந்தரை பாகை மேற்கே எம் 8 என்னும் லகூன் நெபுலா இருக்கிறது. ஆகஸ்ட் நடுவில் இரவு 9 மணிக்கு முன்பே அது தெற்கே 55 பாகை உயரத்துக்கு வந்துவிட்டாலும், ஆடி, ஆவணி மேகங்கள் அடிக்கடி குறுக்கிடும். ஏப்ரல் நடுவில் அதிகாலை நான்கரை மணிக்கு எழுந்து பார்ப்பவர்களுக்குத் தெளிவான வானம் கிடைக்க வாய்ப்பு அதிகம். இருகண் நோக்கியிலேயே ஒரு பாதி மங்கிய ஒளியாகவும் மறு பாதி என்ஜிசி 6530 என்ற இளம் விண்மீன் கொத்தாகவும் தெரியும். மேற்குப் பாதியிலுள்ள 9 சாஜிட்டேரி என்ற விண்மீனே இதன் முதன்மை விளக்கு. தொலைநோக்கியில் வடிகட்டி போட்டால் இரு பகுதிகளுக்கும் இடையே ஓடும் இருண்ட வாய்க்கால் துலங்கும். கழற்றினால் கொத்து துலங்கும். இரண்டையும் ஒரே தாளில் பென்சிலால் வரைந்துகொள்வது, எழுத்தில் வருணிப்பதைவிடப் பயனுடையது. நண்பர்களோடு ஒப்பிடும்போதும் அவரவர் தனித்தனியே வரைந்த பின்னரே பேசவேண்டும். முன்பே பேசிவிட்டால் எல்லார் படத்திலும் ஒரே வாய்க்கால் ஓடும்.

கரைனா நெபுலாவைக் கடைசிக்கு வைத்தமைக்குக் காரணம், அது எளிதில் கைகூடாது என்பதே. ஏப்ரல் நடுவில் இரவு 9 மணி தாண்டி அது உச்சிக்கு வரும். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் பார்க்கத்தக்க உயரத்தில் இருக்கும். தென்சிலுவைக்கு 13 பாகை மேற்கே தேடவேண்டும். இன்னும் மேற்கே சற்றுப் பெரிதாகவும் மங்கலாகவும் நிற்கும் பொய்ச்சிலுவையை உண்மையான சிலுவை என்று கொண்டுவிட்டால் தேடல் முழுவதும் தவறிப்போகும். ஓரியன் நெபுலாவைவிட வானில் பரப்பு மிகுந்த இதனுள் இருக்கும் ஈட்டா கரைனே விண்மீன், 1843இல் சீரியஸுக்கு அடுத்தபடியாக வானிலேயே பிரகாசமான விண்மீனாகி, பிறகு வெறுங்கண்ணுக்கு எட்டாத அளவுக்கு மங்கியது. இப்போது மீண்டும் வெறுங்கண்ணால் காணும் நிலைக்கு வந்திருக்கிறது. அந்த வெடிப்பில் அது உமிழ்ந்த தூசியும் வாயுவும் இரு குமிழிகளாக அதைச் சூழ்ந்திருப்பதால், 150 மடங்குக்கு மேல் அது பிற விண்மீன்களைப்போல் கூரிய புள்ளியாக இல்லாமல் செம்மஞ்சள் நிறச் சிறு நீள்வட்டமாகத் தெரியும். இத்தனை நெபுலாக்களில் நிறத்தைக் கண்ணால் காணும் வாய்ப்பு இதிலும் உண்டு. ஆனால் 20 பாகை உயரத்தில் காற்றின் நடுக்கம் மிகுதி என்பதால், படம் ஒரு கணம் அமைதியடையும்வரை வில்லையை விட்டு விலகாமல் காத்திருக்கவேண்டும்.

இதற்கான இடத்தைப் பங்குனி மாதத்திலேயே பகலில் சென்று பார்த்துவிடுவது நல்லது. திசைகாட்டியால் நேர் தெற்கைக் குறித்துக்கொண்டு, கையை முழுதும் நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் முட்டியின் அகலம் ஏறக்குறைய 10 பாகை. தொடுவானத்திலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முட்டி உயரமே கரைனாவின் உச்சி. ஒரு முட்டிக்கு மேல் தென்னையோ பனையோ மறைத்தால் வேறு களம் தேடவேண்டும்.